மேகத்துக்குக் கீழே சம்பா

இந்த எபிசோடில் என்.டி.வி.ஐ. என்ற தாவரக் குறியீட்டைப் பற்றிப் பேசினோம். கிராஃப் இல்லாமல் சொன்னால் புரியாத பகுதி ஒன்று இருக்கு; அது இங்கே.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கும், அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிடும். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.வி.ஐ. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 வரும், செழித்த பயிருக்கு 0.8 வரை போகும்.

ஒரே ஒரு நாள் படம் அதிகம் சொல்லாது. நெல்லும் பச்சை, தென்னையும் பச்சை. அதே பிக்சலை வருஷம் முழுக்க வரிசையா அடுக்கினால்தான் கதை தெரியும். தென்னந்தோப்பு ஏறக்குறைய நேர்கோடு. நெல் வயல் நடவின்போது கீழே, கதிர் வரும் சமயம் உச்சியில், அறுவடையில் மறுபடி கீழே. காவிரி டெல்டாவில் குறுவையும் தாளடியும் போட்ட வயலுக்கு இரண்டு முகடு, சம்பா மட்டும் என்றால் ஒன்று.

சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில், 5 நாளுக்கு ஒருமுறை, இலவசமாகக் கிடைக்குது. ஆனா சம்பா வளர்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது வடகிழக்குப் பருவமழையில். படம் முழுக்க மேகம். மேகப் பிக்சல்களை நீக்கிட்டு இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்புவது வழக்கம். கோடு அழகா வரும். நடுவில் பயிர் ஒரு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் அந்தக் கோட்டில் தெரியாது. இழப்பீடு கேட்கும் விவசாயிக்கு அந்த ஒரு வாரம்தான் முக்கியம்.

அதனால்தான் ரேடார். சென்டினல்-1 அனுப்பும் சுமார் 5.5 செ.மீ. அலை மேகத்தைத் தாண்டிப் போகும், ராத்திரியிலும் வேலை செய்யும். தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் கறுப்பாகத் தெரியும். பயிர் வளர வளர வெளுக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பயிர்க் காப்பீட்டுக்காக நெல் பரப்பை இப்படிக் கணித்திருக்கிறது.

டிசம்பரில் ஒரு வயல் கறுத்தால் அது வெள்ளமா, தாமதமான நடவா? முந்தைய படங்களில் வெளுத்துக்கொண்டே வந்து திடீரென்று கறுத்திருந்தால் பெரும்பாலும் வெள்ளம். பாதி மட்டும் மூழ்கிய பயிர்தான் படுத்தும்: அலை தண்ணீரில் பட்டு, தண்டிலும் பட்டுத் திரும்புவதால் சிக்னல் கூடவும் செய்யலாம். அங்கே வயலில் இறங்கிப் பார்க்கிற ஆள் வேண்டும்.

காப்பர்னிக்கஸ் பிரவுசரில் திருவாரூர் பக்கம் போய், 2020 நவம்பர், டிசம்பர் ரேடார் படங்களை அடுத்தடுத்து திறந்து பாருங்க. புரெவி புயல் மழை கொட்டியது டிசம்பர் முதல் வாரத்தில்.