எதிரொலியால் தூரம் காட்டும் கருவி: மோட்டார் வண்டியின் பார்க்கிங் சென்சார்

மோட்டார் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும்போது ஓட்டுநரின் பார்வைக்கு எட்டாத பகுதி ஒன்று வண்டியின் பின்னால் எப்போதும் உண்டு. பின்புறக் கண்ணாடி வழியாகப் பார்த்தாலும், பக்கக் கண்ணாடிகளில் பார்த்தாலும், பம்பரை ஒட்டிய தரை அவருக்குப் புலப்படுவதில்லை. அவ்விடத்தில் ஒரு குழந்தை குனிந்து பந்தை எடுத்துக்கொண்டிருந்தாலும் அவர் அறியார். இக்குறையை ஓரளவு போக்க உதவுவது பார்க்கிங் சென்சார் என்னும் கருவியாகும். நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல், புதிதாகத் தயாரிக்கப்படும் பயணியர் கார்களில் பின்புற எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும் என்பது விதியாகியுள்ளது. களப்பணிக்கு வண்டியில் செல்லும் ஊழியர்களும், வண்டிகள் வந்துபோகும் பள்ளி முற்றங்களைக் கவனிக்கும் ஆசிரியர்களும் இக்கருவி எதைத் தெரிவிக்கும், எதைத் தெரிவிக்காது என்பதை அறிந்திருத்தல் நன்று.

கருவி இயங்கும் விதம்

மனிதச் செவி வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்க வல்லது. அதற்கு மேற்பட்டது கேளா ஒலி எனப்படும். வௌவால் இருளில் கேளா ஒலியை எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு வழியறிந்து பறக்கிறது. பார்க்கிங் சென்சாரும் இதே தத்துவத்தில் அமைந்ததே. பெரும்பாலான சென்சார்கள் வினாடிக்கு 40,000 அதிர்வுகள் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட ஒலியைப் பயன்படுத்துகின்றன.

பம்பரில் சிறு நாணயம் போலத் தோன்றும் ஒவ்வொரு வட்டத்தின் பின்னும் ஒரு பீங்கான் வில்லை ஒட்டப்பட்டுள்ளது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னழுத்தம் தோன்றும் என்பதைப் பியர் கியூரியும் அவர் தமையனார் ஜாக் கியூரியும் 1880இல் கண்டறிந்தனர். மாறாக, அவற்றுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அவை அதிரும். இவ்விரு குணங்களும் பீங்கான் வில்லைக்கு உண்டு. ஆதலால் ஒரே வில்லை முதலில் வாயாக நின்று ஒலியை எழுப்புகிறது. பின்னர்ச் செவியாக நின்று எதிரொலியைக் கேட்கிறது.

20 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் காற்றில் ஒலி வினாடிக்கு சுமார் 343 மீட்டர் செல்லும். ஒரு மீட்டர் தூரத்திலுள்ள சுவரைத் தொட்டுத் திரும்ப அது 2 மீட்டர் செல்லவேண்டும். இதற்கு ஆகும் காலம் வினாடியின் ஆயிரத்தில் ஏறக்குறைய 6 பங்கு. இக்காலத்தை அளந்து, கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. தடை நெருங்க நெருங்க 'பீப்' ஒலிகளின் இடைவெளி குறைகிறது. சுமார் 30 சென்டிமீட்டருக்குள் வந்ததும் ஒலி இடைவிடாது எழுகிறது.

கருவிக்குப் புலப்படாதவை

எதிரொலி திரும்பி வந்தால் மட்டுமே கருவி எச்சரிக்கும். வரவில்லையெனில் அங்குத் தடை ஏதும் இல்லை என்றே அது கொள்ளும். ஆகவே கருவியின் மௌனத்தை, வழி திறந்திருப்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் தவறு.

மெல்லிய கம்பியும் முள்வேலியும் மிகச் சிறிதளவே ஒலியைத் திருப்புகின்றன. பஞ்சுப் பொதி, வைக்கோல், தடித்த துணி ஆகியவை ஒலியை உறிஞ்சிக்கொள்கின்றன. சாய்வான பரப்பு ஒலியை வேறு திசையில் திருப்பிவிடுகிறது. பள்ளமும் திறந்த சாக்கடையும் எதிரொலியே தருவதில்லை. உயரம் குறைந்த கல்லோ, தரையில் அமர்ந்துள்ள சிறு குழந்தையோ ஒலியின் பாதைக்குக் கீழே இருந்துவிடக்கூடும்.

ஒரு நிலையைச் சிறப்பாக நினைவிற்கொள்ளல் வேண்டும். தாழ்ந்த கல் ஒன்று சற்றுத் தொலைவில் இருக்கும்போது கருவி ஒலிக்கும். வண்டி நெருங்கியதும் கல் ஒலிப்பாதைக்குக் கீழே மறைந்துவிட, ஒலி நின்றுபோகும். ஆகவே ஒலித்துக்கொண்டிருந்த கருவி திடீரென மௌனமானால் உடனே வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்க்கவேண்டும்.

வேகமும் முக்கியமானது. பல கருவிகள் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்தே எச்சரிக்கத் தொடங்குகின்றன. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் பின்செல்லும் வண்டி ஒரு வினாடியில் 1.4 மீட்டர் நகர்ந்துவிடும். ஒலியைக் கேட்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகலாம். மணிக்கு 2 கிலோமீட்டர் வேகமாயின், அதே வினாடியில் வண்டி 56 சென்டிமீட்டர்தான் நகரும். எனவே நடையினும் மெதுவாகச் செல்பவருக்கே இக்கருவியால் முழுப்பயன் கிட்டும்.

பராமரிப்பு

சேறும் தூசியும் படிந்த சென்சார் செவிடாகிவிடும். அல்லது தடையேதும் இல்லாதபோதே ஓயாது ஒலிக்கும். மண்சாலைப் பயணத்திற்குப் பின் நனைத்த மென்துணியால் ஒவ்வொரு வட்டத்தையும் துடைக்கவேண்டும். கத்தி, திருப்புளி முதலியவற்றால் சுரண்டலாகாது. விசையுடன் நீர் பீய்ச்சும் குழாயைச் சென்சாருக்கு மிக அருகில் பிடிப்பதும் கூடாது.

வட்டத்தின் மீது கனமாக வண்ணம் பூசினாலும், ஒட்டுத்தாள் ஒட்டினாலும் அதன் அதிர்வு மட்டுப்படும். சென்சாரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் விழுந்துவிட்டால், பம்பரின் அதிர்வையே எதிரொலியாகக் கருவி மயங்கலாம். பம்பரைப் பழுதுபார்த்த பிறகு, சென்சார் முன்னிருந்த கோணத்தில் பொருந்தியுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தரையையே தடையாகக் காட்டும்.

மாதம் ஒருமுறை பின்வரும் சோதனையைச் செய்யலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். எஞ்சினை இயக்காமல், சாவியை மட்டும் திருப்பி ரிவர்ஸ் கியரில் போடவும். உதவியாளர் ஒருவர் பக்கவாட்டில் நின்று, ஒவ்வொரு சென்சாருக்கும் நேராக அட்டைப்பெட்டி ஒன்றை மெல்ல நகர்த்திவரட்டும். முதல் ஒலி எழும் தூரத்தையும், தொடர் ஒலி எழும் தூரத்தையும் அளந்து வண்டியின் பதிவேட்டில் குறிக்கவும். ஒரு சென்சார் மற்றவற்றினின்று பெரிதும் மாறுபட்டால், அல்லது ரிவர்ஸ் கியரில் போட்டவுடன் வழக்கத்திற்கு மாறான நீண்ட ஒலி எழுந்தால், கருவியில் பழுது உண்டெனக் கொள்ளலாம். நீர் புகுந்த மின் இணைப்பும், எலி கடித்த கம்பியும் பழுதுக்குக் காரணமாவதுண்டு.

வகுப்பறையில் ஒரு சோதனை

இக்கருவியின் ஆற்றலையும் குறையையும் மாணவர்களுக்கு எளிதில் விளக்கலாம். இரண்டு அட்டைக் குழாய்களை, ஒரு பலகையை நோக்கிச் சமகோணங்களில் சாய்த்து மேசைமேல் வைக்கவும். ஒன்றன் வெளிமுனையில் 'டிக் டிக்' என ஒலிக்கும் கடிகாரத்தை வைத்து, மற்றதன் வெளிமுனையில் மாணவர் காதை வைக்கட்டும். நேரடி ஒலியைத் தடுக்கக் குழாய்களுக்கு இடையே தடித்த புத்தகம் ஒன்றை நிறுத்தவும். பலகையிலிருந்து மீளும் ஒலி தெளிவாகக் கேட்கும். பலகையைச் சாய்த்தால் ஒலி தேயும். பலகைக்குப் பதில் தலையணையை வைத்தால் ஒலி பெரிதும் மங்கும். தலையணை அங்கு இருந்தும் எதிரொலி வரவில்லை என்பதை மாணவர் தாமே உணர்வர்.

நிறுத்தியிருந்த வண்டியைப் பின்னோக்கி எடுக்குமுன் ஓட்டுநர் ஒருமுறை வண்டியைச் சுற்றி நடந்து பார்த்தல் வேண்டும். குழந்தைகள் நடமாடும் இடமாயின், வண்டியின் பாதைக்கு வெளியே, ஓட்டுநர் காணும்படி ஒருவரை நிறுத்திக்கொள்ளவேண்டும். நின்ற வண்டியின் பின்னே விளையாடலாகாது என்பதை ஆசிரியர்கள் குழந்தைகளுக்கும் எடுத்துரைத்தல் அவசியம். பார்க்கிங் சென்சார் நன்கு இயங்கும் வண்டியிலும் இம்மூன்றையும் விட்டுவிடலாகாது.