செயலுக்குக் காரணம் ஆளா, சூழலா?

ஒருவர் ஏன் அவ்வாறு நடந்துகொண்டார் என்ற கேள்விக்கு மற்றவர்கள் விடை தேடும் முறையைச் சமூக உளவியல் ‘காரணங்கற்பித்தல்’ என்கிறது. சூழ்நிலையின் நெருக்குதலைப் பொருட்படுத்தாமல் செய்தவரின் குணத்தையே காரணமாகக் கொள்ளும் போக்குக்கு அமெரிக்க உளவியலாளர் லீ ராஸ் 1977இல் ‘அடிப்படைக் காரணங்கற்பித்தல் பிழை’ எனப் பெயரிட்டார். அது மனித மனத்துக்கே பொதுவான இயல்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டாலும், அதற்கு ஆதாரமான சோதனைகளில் பங்கேற்றவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களே.

இக்கருத்தை அசைத்த ஆய்வுகளுள் முக்கியமானது, ஜோன் மில்லர் சிகாகோவிலும் மைசூரிலும் நடத்தி 1984இல் வெளியிட்டது. தமக்குத் தெரிந்தவர்கள் செய்த நல்ல செயல்களையும் தவறான செயல்களையும் விவரித்து, அவற்றுக்கான காரணத்தையும் கூறுமாறு பங்கேற்றவர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மைசூரில் கிடைத்த விவரிப்பு ஒன்றில், மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் வெடித்ததில் பின்னால் அமர்ந்திருந்தவர் விழுந்து தலையில் அடிபடுகிறார். வண்டியை ஓட்டிய வழக்கறிஞர் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, காயத்தின் தன்மையை மருத்துவரிடம் விசாரிக்காமலே நீதிமன்றத்துக்குச் சென்றுவிட, அடிபட்டவர் இறந்துபோகிறார். வழக்கறிஞர் செய்தது தவறு என்று ஒப்புக்கொண்ட விவரிப்பாளர், கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்க வேண்டிய கடமை, விபத்தால் நேர்ந்த பதற்றம், காயம் கடுமையானதாகத் தோன்றாமல் இருந்திருக்கக்கூடிய வாய்ப்பு ஆகியவற்றையே காரணங்களாகச் சொன்னார். அமெரிக்கப் பெரியவர்களின் விளக்கங்களிலோ செய்தவரின் குணமே மேலோங்கியிருந்தது. எனினும் எட்டு வயதுக் குழந்தைகளிடம் இரு நாட்டாருக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பதும், வயது ஏற ஏறவே அது விரிந்தது என்பதும், இப்பார்வை பிறவியில் வருவதன்று, பழக்கத்தில் படிவது என்பதைக் காட்டுகின்றன.

காரணம் சொல்வதில் மட்டுமன்றி, கண் எதைக் கவனிக்கிறது என்பதிலும் இந்த வேறுபாடு தென்பட்டது. தகாஹிகோ மசூடாவும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் நீருக்கடிக் காட்சிகளைப் பார்த்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் நீந்திய பெரிய மீனைக் குறிப்பிட்டுப் பேச்சைத் தொடங்க, ஜப்பானிய மாணவர்கள் அது குளம்போல் இருந்தது என்பது போன்ற சூழல் விவரங்களோடு தொடங்கும் போக்கைக் காட்டினர். பொருளைப் பின்னணியிலிருந்து பிரித்து நோக்குவதைப் பகுப்புச் சிந்தனை என்றும், பின்னணியோடு அதற்குள்ள உறவைச் சேர்த்து நோக்குவதை முழுமைச் சிந்தனை என்றும் ஆய்வாளர்கள் வகைப்படுத்துகின்றனர்.

ஆனால் இவ்விரண்டையும் மேற்கு, கிழக்கு என்று திசைக்கொன்றாகப் பிரித்துவிட முடியாது. தாமஸ் டால்ஹெல்மும் குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, சீனாவுக்குள்ளேயே நெல் விளையும் தென்பகுதியைச் சேர்ந்த மாணவர்களிடம் முழுமைச் சிந்தனையும், கோதுமை விளையும் வடபகுதியைச் சேர்ந்தவர்களிடம் பகுப்புச் சிந்தனையும் ஒப்பளவில் மிகுந்திருந்தன. வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சவும், நடவுக்கும் அறுவடைக்கும் ஒருவர் வயலில் மற்றவர் இறங்கவும் வேண்டிய நெல் வேளாண்மை, அக்கம்பக்கத்தாரைச் சார்ந்து வாழும் மனப்பாங்கைத் தலைமுறைகளாக வளர்த்திருக்கும் என்பது அவர்களின் விளக்கம். வேளாண்மை ஒன்றே காரணமாகுமா என்பது இன்றும் விவாதத்துக்குரியதே.

மேலும், இரு நோக்கும் ஒருவருக்குள்ளேயே குடிகொண்டிருக்க முடியும் என்பதை யிங்-யி ஹாங்கும் உடன் ஆய்வாளர்களும் ஹாங்காங் மாணவர்களிடம் நடத்திய சோதனைகள் உணர்த்தின. கூட்டத்துக்கு முன்னால் தனியே நீந்தும் மீனைப் பற்றிக் கேட்டபோது, அதற்குமுன் சீனப் பெருஞ்சுவர் போன்ற படங்களைப் பார்த்திருந்தவர்கள், அமெரிக்கச் சின்னங்களைப் பார்த்திருந்தவர்களைவிடக் கூட்டத்தின் தூண்டுதலையே கூடுதலாகக் காரணம் காட்டினர். ஆதலால் கீழை நாட்டார் இயல்பே இப்படி, மேலை நாட்டார் இயல்பே அப்படி என்று முடிவு கட்டுவது, சூழலை விட்டுவிட்டுக் குணத்தைப் பிடித்துக்கொள்ளும் அதே பிழையை மக்கள் தொகுதிகளின்மீது செய்வதாகும்.