சினைப்பையும் பசுந்தழையும்

"மாடு பருவத்துக்கு வரவில்லை; ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை" என்னும் குறை, இராமநாதபுரம் முதல் இராமேசுவரம் வரையுள்ள ஊர்களில் நாம் அடிக்கடி கேட்பதாகும். பசுவுக்கு ஏறக்குறைய 21 நாட்களுக்கு ஒரு முறை சினைப்பருவம் வருகிறது. ஒரு பருவம் வீணானால், பாலுமின்றி கன்றுமின்றி மூன்று வாரத் தீவனம் நட்டமாகிறது. இக்குறையின் வேர் எங்கே உள்ளது என்பதை விளக்க, ஆராய்ச்சிசாலையில் நடைபெறும் ஒரு வேலை நமக்குத் துணை செய்யும்.

கிடேரிக் கன்று பிறக்கும்போதே அதன் சினைப்பையில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நுண்ணிய முட்டைப்பைகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை இருக்கிறது. ஆயினும் பசு தன் வாழ்நாளில் ஈனுவது சில கன்றுகளே. மற்ற முட்டைப்பைகளில் மிகப் பெரும்பாலானவை வளர்ச்சியின் இடையிலேயே வாடி மறைகின்றன. வீணாகும் இவற்றைக் காப்பாற்ற முடிந்தால், அருகிவரும் நல்ல இனங்களைப் பெருக்கலாம் என விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

1990ஆம் ஆண்டில் கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனத்தில், உடலுக்கு வெளியே கருவுற்ற முட்டையிலிருந்து எருமைக் கன்று பிறந்தது. முட்டைப்பையைத் தொடக்க நிலையிலேயே எடுத்து வளர்ப்பது இதைவிடக் கடினம். சுண்டெலியில் இம்முயற்சி வெற்றி பெற்று, 1996இல் குட்டி பிறந்த செய்தி வெளியாயிற்று. பெங்களூரிலுள்ள தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனத்தில் எருமையின் முட்டைப்பைகளை வளர்த்து ஆராய்ந்துள்ளனர். பசுவைப் பொறுத்தமட்டில் இவ்வேலை இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது.

கண்ணாடித் தட்டில் ஊட்டநீர் ஊற்றி, மாட்டின் உடற்சூடான சுமார் 38.5 டிகிரி வெப்பத்தில் முட்டைப்பைகளை வளர்க்கின்றனர். அங்கே பெரும் இடையூறு செய்வது பிராணவாயுவே. வெளிக்காற்றில் அது ஏறக்குறைய 21 சதவீதம் உண்டு. சினைப்பைக்குள் மிகக் குறைவு. கடற்கரை ஊர்களில் கிணற்று இராட்டினம் துருவேறுவதைப் பார்க்கிறோமல்லவா? அதுபோலவே, மிகுதியான பிராணவாயுவால் உண்டாகும் கேடுதரும் பொருள்கள் முட்டையின் நுண்ணுறுப்புக்களை அரிக்கின்றன.

இவ்வரிப்பைத் தடுக்கும் பொருள்கள் தாவரங்களில் மிகுதி. நம்மைப் போலவே வறட்சி மிகுந்த வடகிழக்குப் பிரேசிலில், அங்கு வளரும் மரமொன்றின் இலைச்சாற்றைச் செம்மறியாட்டின் முட்டைப்பைகளுக்கு அளித்துச் சோதித்தனர். சோம்புக்கு மணம் தரும் அனெத்தோல் என்னும் பொருளை, பசுவின் கருக்களை உடலுக்கு வெளியே உருவாக்கும் வேலையில் ஊட்டநீரில் சேர்த்தும் ஆராய்ந்துள்ளனர். இத்தகைய பொருள்கள் உரிய அளவில் காக்கும். அளவு மிஞ்சினால் அவையே தீங்கு செய்யும்.

ஆகவே, ஏதோ ஓர் இலைச்சாற்றை மாட்டுக்குப் புகட்டினால் சினை பிடிக்கும் என எவரும் எண்ண வேண்டாம். கண்ணாடித் தட்டில் பலித்தது மாட்டின் வயிற்றிலும் பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. நாம் கொள்ள வேண்டிய பாடம் வேறு. இன்று வெளிப்படும் முட்டை இன்று உருவானதன்று. அதன் முட்டைப்பை வளரத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். அம்மாதங்களில் பசு உண்ட தீனியே அதற்கு ஆதாரம்.

முட்டையைக் காக்கும் கரோட்டின், வைட்டமின் ஈ ஆகியவை பசுந்தழையில் நிறைந்துள்ளன. வெயிலில் காய்ந்த வைக்கோலில் கரோட்டின் இல்லையென்றே சொல்லலாம். முட்டை வெளிவந்தபின் பசுவின் சினைப்பையில் தோன்றும் மஞ்சள் திரளுக்கு அந்நிறத்தைத் தருவதும் கரோட்டினே. ஐப்பசி, கார்த்திகை மழையில் பச்சையும், பங்குனி முதல் வெறும் வைக்கோலும் என்பது நம் பகுதியின் வழக்கம். கோடையில் நேர்ந்த குறை மழைக்காலத்தில் மலடாகத் தோன்றக்கூடும்.

இதற்குப் பரிகாரம் நம் கையில் உள்ளது. மணற்பாங்கான நிலத்தில் முருங்கையும், நீர் வசதியுள்ள கிணற்றடியில் அகத்தியும், வேலியோரம் பூவரசும் வளர்க்கலாம். மழைக்காலத்தில் மிஞ்சும் புல்லையும் தழையையும் நிழலில் உலர்த்திச் சேமிக்கலாம். தாது உப்புக் கலவையையும் கால்நடை மருத்துவர் கூறும் அளவில் கொடுத்துவர வேண்டும். இரண்டு மூன்று பருவம் தவறிய மாட்டை அவரிடம் காட்டுவது அவசியம். நோய், புழு ஆகியவையும் காரணமாகலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் புறம்போக்கில் ஒரு பகுதியைத் தீவன மரங்களுக்கு ஒதுக்கி, ஆடு கடிக்காதபடி முள்வேலியிட்டு, இரண்டு கோடைகள் நீர் வார்த்துக் காத்தால் போதும். அத்தழை ஏழை எளியவரின் மாட்டுக்கும் கிடைக்க முறை வகுத்தல் வேண்டும். அடுத்த ஆண்டின் கன்றுக்கு இந்தக் கோடையிலேயே வழி செய்வோமாக.