தன்னியக்க மின்னஞ்சல் மறையாக்கம்

தன்னியக்க மின்னஞ்சல் மறையாக்கம் என்பது, அனுப்புநர் ஒவ்வொரு முறையும் தனியாகக் கட்டளையிடாமலேயே, மின்னஞ்சல் மென்பொருள் மடலைப் பெறுநர் மட்டும் படிக்கக்கூடிய மறைவடிவுக்கு மாற்றி அனுப்பும் முறை ஆகும். மறையாக்க மென்பொருட்கள் 1990களிலிருந்தே பொதுமக்களுக்குக் கிடைத்து வந்தபோதிலும், அவற்றைக் கையாள்வது கடினமாக இருந்ததால் பெரும்பாலானோர் பயன்படுத்தவில்லை. இக்கடினத்தைக் குறைப்பதே தன்னியக்க முறையின் நோக்கம். எனினும், மென்பொருள் எப்போது மறையாக்கம் செய்கின்றது, எப்போது செய்வதில்லை என்பது பயனருக்குத் தெளிவாகத் தெரியாவிடின், இம்முறையே இரகசியம் வெளிப்படக் காரணமாகலாம். ஆகவே இதன் அமைப்புகளைத் தெளிவாக வடிவமைப்பது பாதுகாப்பின் ஒரு பகுதியாகக் கருதப்படுகின்றது.

இரு வகை மறையாக்கம்

மின்னஞ்சல் மறையாக்கத்தை இரு வகையாகப் பிரிக்கலாம்.

வழி மறையாக்கம்: மடல் ஒரு வழங்கியிலிருந்து மற்றொரு வழங்கிக்குச் செல்லும் இணைப்பை மட்டும் இது காக்கின்றது. இதற்கான ஸ்டார்ட்-டிஎல்எஸ் என்னும் நீட்சி மின்னஞ்சல் நெறிமுறைக்கு 1999இல் வரையறுக்கப்பட்டது. இதைப் பயனர் இயக்கவேண்டியதில்லை. வழங்கிகளே தமக்குள் பேசி முடிவு செய்கின்றன. ஆனால் வழங்கிகளுக்குள் மடல் படிக்கக்கூடிய வடிவிலேயே இருக்கும். எதிர்முனை வழங்கி இவ்வசதியை ஆதரிக்காவிடின், மடல் பொதுவாக மறையாக்கம் இன்றியே அனுப்பப்படும். இந்நிலையைப் பயனருக்கு உணர்த்த, 2016இல் ஜிமெயில் சேவை திறந்த சிவப்புப் பூட்டுப் படத்தைக் காட்டத் தொடங்கியது.

முனைக்கு முனை மறையாக்கம்: அனுப்புநரின் கணினியில் பூட்டப்படும் மடல் பெறுநரின் கணினியில் மட்டுமே திறக்கப்படும். இதில் ஒவ்வொருவருக்கும் இரு திறவுகோல்கள் உண்டு. எவருக்கும் கொடுக்கத்தக்க பொதுத் திறவுகோலால் மடல் பூட்டப்படும். உரியவர் மட்டும் வைத்திருக்கும் தனித் திறவுகோலால் அது திறக்கப்படும். 1991இல் பில் சிம்மர்மன் வெளியிட்ட பிஜிபி மென்பொருளும், அதிலிருந்து வளர்ந்த ஓப்பன்பிஜிபி சீர்தரமும், சான்றிதழ்களைப் பயன்படுத்தும் எஸ்/மைம் சீர்தரமும் இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கட்டுரை முதன்மையாக இவ்வகை பற்றியது.

தன்னியக்கத்தின் தேவை

முனைக்கு முனை மறையாக்கத்தில் பயனர் திறவுகோல் சோடியை உருவாக்க வேண்டும்; பெறுநரின் பொதுத் திறவுகோலைத் தேடிப் பெறவேண்டும்; அது உண்மையில் அவருடையதுதானா எனச் சரிபார்க்க வேண்டும்; ஒவ்வொரு மடலிலும் மறையாக்கத்தை இயக்க நினைவில் கொள்ள வேண்டும்.

1999இல் ஆல்மா விட்டன், ஜே. டி. டைகர் ஆகியோர் பிஜிபி 5.0 பதிப்பை 12 பேரிடம் கொடுத்து ஆய்வு செய்தனர். 90 நிமிடங்களுக்குள் மடலைச் சரியாகக் கையொப்பமிட்டு மறையாக்கம் செய்து அனுப்ப அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினராலேயே முடிந்தது. நான்கில் ஒரு பங்கினர், இரகசியத்தைத் தவறுதலாகத் திறந்த மடலாகவே அனுப்பிவிட்டனர். பல ஆண்டுகள் கழித்து, 2015இல் புதிய மென்பொருளான மெயில்வெலப்பைக் கொண்டு 10 இணைகளிடம் நடத்தப்பட்ட ஆய்விலும், ஒரு மணி நேரத்திற்குள் ஓர் இணை மட்டுமே வெற்றி பெற்றது.

இக்கடினம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. 2012 டிசம்பரில் எட்வர்ட் சினோடன் தன் பெயரை வெளியிடாமல் ஊடகவியலாளர் கிளென் கிரீன்வால்டைத் தொடர்பு கொண்டு, பிஜிபியை நிறுவுமாறு கேட்டார். படிப்படியான விளக்கம் அளித்தும் கிரீன்வால்ட் அதை உடனே நிறுவவில்லை. பின்னர் சினோடன், மறையாக்கத்தை ஏற்கனவே பயன்படுத்தி வந்த திரைப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரசை அணுகினார்.

மிகை எளிமையால் வரும் குழப்பம்

அனைத்தையும் மென்பொருளே மறைவாகச் செய்துவிட்டால் சிக்கல் தீரும் என்று தோன்றலாம். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இக்கருத்தை ஐயத்துக்கு உள்ளாக்கியது. திறவுகோல் மேலாண்மையையும் மறையாக்கத்தையும் முழுவதும் தானே செய்யும் ஒரு மென்பொருள், பயன்படுத்த எளிது எனப் பாராட்டப்பட்டது. ஆயினும் அதில் பாதுகாப்புச் செயல்கள் கண்ணுக்கே புலப்படாமல் இருந்தமையால், சிலர் தவறுதலாக மறையாக்கம் செய்யாத மடல்களை அனுப்பினர். வேறு சிலர், உண்மையில் ஏதும் நடந்ததா என ஐயுற்றனர். வேலையைக் குறைப்பதும் விளைவை மறைப்பதும் ஒன்றல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

ஆட்டோகிரிப்ட்

ஆட்டோகிரிப்ட் என்பது திறவுகோல் பரிமாற்றத்தைத் தன்னியக்கமாக்கும் திறந்த வரையறை ஆகும். இதன் முதல் நிலை 2017 டிசம்பரில் வெளியிடப்பட்டது. எனிக்மெயில், கே-9 மெயில், டெல்டா சாட் ஆகியன இதைச் செயற்படுத்திய மென்பொருட்களுள் சில.

இம்முறையில் ஒருவர் அனுப்பும் சாதாரண மடலின் தலைப்பகுதியிலேயே அவரது பொதுத் திறவுகோல் இணைக்கப்படுகின்றது. பெறுநரின் மென்பொருள் அதைச் சேமித்துக் கொள்கின்றது. மறுமடல் எழுதும்போது, மென்பொருள் பின்வரும் நான்கு நிலைகளுள் ஒன்றைப் பரிந்துரைக்கும்:

1. இயலாது: பெறுநருக்குப் பயன்படத்தக்க திறவுகோல் இல்லை.
2. உகந்ததன்று: திறவுகோல் உண்டு; ஆனால் பெறுநர் இப்போது அதைப் பயன்படுத்தாமல் இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, திறவுகோலுடன் வந்த கடைசி மடலுக்கு 35 நாட்களுக்கும் மேல் கழித்து, திறவுகோல் இல்லாத மடல் வந்திருத்தல்.
3. இயலும்: பயனர் விரும்பினால் மறையாக்கம் செய்யலாம்.
4. மறையாக்கம் செய்க: இயல்பாகவே இயக்கப்படும்.

திறவுகோல் கிடைத்துவிட்டது என்பதற்காக மட்டும் மறையாக்கம் தானாக இயக்கப்படுவதில்லை. இரு தரப்பினரும் தம் அமைப்புகளில் அதை விரும்புவதாகக் குறித்திருக்க வேண்டும், அல்லது மறையாக்கம் செய்யப்பட்ட மடலுக்கு மறுமொழி எழுதுவதாக இருக்க வேண்டும். பெறுநர் தன் மடலைத் திறக்க இயலாமல் தவிப்பதைத் தவிர்ப்பதே இவ்விதியின் நோக்கம். மடலைத் திறக்க முடியாத அனுபவம் ஓரிரு முறை நேர்ந்தாலே பலர் மறையாக்கத்தை நிறுத்திவிடுவர்.

தண்டர்பேர்டின் அமைப்புகள்

மோசில்லா தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளில் ஓப்பன்பிஜிபி மறையாக்கம் நீண்டகாலம் எனிக்மெயில் என்னும் நீட்சி வழியாகவே கிடைத்தது. 2020இல் வெளிவந்த 78ஆம் பதிப்பில் இது மென்பொருளின் உட்கூறானது. பின்னர் இதில் மூன்று தெரிவுகள் சேர்க்கப்பட்டன: இயலும்போது மறையாக்கத்தைத் தானாக இயக்குதல்; பெறுநர்கள் மாறி மறையாக்கம் இயலாது போகும்போது அதைத் தானாக நிறுத்துதல்; அவ்வாறு நிறுத்தப்படும்போது அறிவித்தல்.

இவற்றின் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு மருத்துவர் நோயாளியின் ஆய்வறிக்கையை மற்றொரு மருத்துவருக்கு எழுதுகின்றார். பெறுநரின் திறவுகோல் இருப்பதால் மறையாக்கம் தானாக இயங்குகின்றது. பின்பு திறவுகோல் இல்லாத மூன்றாமவர் ஒருவரைப் படி பெறுவோர் பட்டியலில் சேர்க்கின்றார். தானாக நிறுத்தும் தெரிவு அணைக்கப்பட்டிருந்தால், மறையாக்கம் நீடிக்கும். திறவுகோல் குறையைத் தீர்க்காமல் மடலை அனுப்ப இயலாது. அத்தெரிவு இயக்கப்பட்டு, அறிவிப்பும் இயக்கப்பட்டிருந்தால், மாற்றத்தை அவர் உடனே அறிவார். தானாக நிறுத்துதல் இயக்கப்பட்டு அறிவிப்பு மட்டும் அணைக்கப்பட்டிருந்தால், அவர் கவனிக்காமலேயே அறிக்கை மூவருக்கும் திறந்த வடிவில் சென்றுவிடக்கூடும். தானாக இயக்குதல் தவறினால் இடையூறு; தானாக நிறுத்துதல் கவனிக்கப்படாவிடின் இழப்பு. அனுப்பிய மடலைத் திரும்பப் பெற இயலாது.

வடிவமைப்பு நெறிகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகளை வகுக்கலாம்:

• மடல் எழுதும் சாளரத்தில் மறையாக்க நிலை எப்போதும் தெரிய வேண்டும். நிறத்தால் மட்டுமன்றிச் சொல்லாலும் அது குறிக்கப்பட வேண்டும்.
• நிலை மாறினால் காரணத்துடன் அறிவிக்க வேண்டும். "மறையாக்கம் நிறுத்தப்பட்டது" என்பதைவிட, எப்பெறுநருக்குத் திறவுகோல் இல்லை என்று கூறுவது பயனுள்ளது.
• பயனர் தாமே இயக்கிய மறையாக்கத்தை மென்பொருள் தானே நிறுத்தலாகாது.
• ஒன்றையொன்று சார்ந்த தெரிவுகளை அடுத்தடுத்து அமைத்து, முதன்மைத் தெரிவு அணைந்திருக்கும்போது சார்புத் தெரிவுகளைச் செயலற்றதாகக் காட்ட வேண்டும்.
• அமைப்புகளில் தொழில்நுட்பச் சொற்களை விடுத்து, விளைவைச் சொல்ல வேண்டும்.

வரம்புகள்

தன்னியக்க மறையாக்கம் எல்லாவற்றையும் மறைப்பதில்லை. அனுப்புநர், பெறுநர், நாள் ஆகியன வழங்கிகளுக்குத் தெரியும். பல மென்பொருட்களில் பொருள் வரியும் திறந்தே செல்லும். ஆட்டோகிரிப்டின் முதல் நிலை, மடல்களை இடையில் படிப்பவரிடமிருந்து காக்கும். ஆனால் தலைப்பகுதியிலுள்ள திறவுகோலையே மாற்றக்கூடிய எதிராளியிடமிருந்து காக்காது. உயர்ந்த பாதுகாப்பு தேவைப்படுவோர், திறவுகோலின் கைரேகை எனப்படும் அடையாள எண்ணை நேரிலோ தொலைபேசியிலோ ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். தனித் திறவுகோலைப் படியெடுத்து வைக்காமல் இழந்தவர், அதற்குரிய பொதுத் திறவுகோலால் பூட்டப்பட்ட பழைய மடல்களை மீண்டும் படிக்க இயலாது. இவ்வரம்புகளை அமைப்புகள் பக்கத்திலேயே எளிய சொற்களில் கூறுதல் நன்று.