பழைய செல்போனோடு தொலையும் உலோகங்கள்... கணக்கெடுத்த பேராசிரியர்!

அமெரிக்காவின் சுதந்திர தேவி சிலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் பெயின்ட் இல்லை. புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட செம்புக் குடத்தில் பிடிக்குமே களிம்பு... கிட்டத்தட்ட அதேதான்! 1886-ல் திறக்கப்பட்ட அந்தச் சிலையை, நூற்றாண்டை ஒட்டி 1984 முதல் 1986 வரை புதுப்பித்தார்கள். அந்தப் பணிக்கு ஆலோசனை சொன்ன விஞ்ஞானிகளில் ஒருவர் தாமஸ் கிரேடல்.

இவர் டாக்டர் பட்டம் வாங்கியது வானியலில். வேலை பார்த்தது பெல் ஆய்வுக்கூடத்தில், 27 வருடங்கள். காற்றில் கலந்திருக்கும் ரசாயனங்கள் உலோகத்தை எப்படி அரிக்கின்றன என்று ஆராய்ந்தவர், 1997-ல் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். அதுவும் வனவியல், சுற்றுச்சூழல் பள்ளியில்! காட்டைப் பற்றிப் படிக்கும் இடத்தில் உலோகத்துக்கு என்ன வேலை?

இருக்கிறது. காட்டில் உதிரும் இலை வீணாவதில்லை, மக்கி உரமாகிறது. தொழிற்சாலைகளும் ஏன் அப்படி இயங்கக் கூடாது என்று கேட்பதுதான் ‘தொழில்துறைச் சூழலியல்’. டென்மார்க்கின் கலுண்ட்போர்க் நகரில் அனல்மின் நிலையக் கழிவிலிருந்து கிடைத்த ஜிப்சம், பக்கத்துத் தொழிற்சாலையில் சுவர்ப் பலகை செய்யப் பயன்பட்டது. இந்தத் துறைக்கு, பிராடன் ஆலன்பியுடன் சேர்ந்து 1995-ல் பாடப்புத்தகமே எழுதினார் கிரேடல்.

யேலில் அவருடைய குழு போட்டது ஒரு பிரமாண்ட வரவு-செலவுக் கணக்கு. பூமியிலிருந்து தோண்டிய செம்பு எவ்வளவு? கட்டடத்திலும் வயரிலும் இருப்பது எவ்வளவு? குப்பைக்குப் போவது எவ்வளவு? செம்பைப் போலவே மற்ற உலோகங்களுக்கும் கணக்கு எழுதினார்கள்.

2011-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்புக்காக கிரேடலும் மற்ற நிபுணர்களும் தந்த அறிக்கைதான் அதிர்ச்சி. 60 உலோகங்களை அலசியதில், ஆயுள் முடிந்த பொருட்களிலிருந்து பாதிக்கு மேல் மறுசுழற்சியாகிறவை வெறும் 18. 34 தனிமங்களில் 1 சதவிகிதம்கூடத் திரும்பி வருவதில்லை!

கார் பேட்டரியில் ஈயம் மொத்தமாக இருக்கிறது. பழையதைக் கொடுத்தால் கடையிலேயே விலையைக் குறைக்கிறார்கள். அதனால் ஈயம் திரும்பி வருகிறது. செல்போன் கதை வேறு. பல உலோகங்கள் கடுகளவுகூட இருக்காது; ஒன்றோடொன்று கலந்தும் கிடக்கும். அப்படிப்பட்டவற்றைப் பிரித்தெடுக்கும் செலவு, கிடைக்கும் உலோகத்தின் விலையைப் பெரும்பாலும் தாண்டிவிடுகிறது. தயாரிக்கும்போதே கழற்ற வசதியாக வடிவமைத்தால் என்ன என்பது இந்தத் துறையினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி.

‘ஒன்று தீர்ந்தால் இன்னொன்று’ என்றும் இருக்க முடியாது. 2013-ல் கிரேடல் குழு 62 உலோகங்களுக்கு மாற்று தேடிப் பார்த்தது. எல்லா முக்கியப் பயன்பாடுகளுக்கும் சரியான மாற்று உள்ள உலோகம் ஒன்றுகூட இல்லை. 12 உலோகங்களுக்கு, முக்கியப் பயன்பாடுகளில் உருப்படியான மாற்றே கிடைக்கவில்லை. மின்சார வாகன மோட்டார் காந்தத்தில் சேர்க்கப்படும் டிஸ்ப்ரோசியம் அவற்றில் ஒன்று.

மறுசுழற்சியாகாத 34-ல் இன்டியமும் இருக்கிறது. இதைப் படிக்க இப்போது நீங்கள் விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறீர்களே... அந்தத் தொடுதிரையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாக இருப்பது அதுதான்.