பாட்டோடு சேர்ந்து பதிவாகும் முகவரி

சயான் சண்முகானந்தா அரங்கில் கச்சேரி நடக்கும் மாலைகளில் மடியில் கவிழ்த்து வைத்த கைபேசிகள் கண்ணில் படும். சிலவற்றில் பதிவு ஓடிக்கொண்டிருக்கும். 1952இல் தொடங்கிய சபா, 1963இல் எழுந்த அரங்கம், 1990இல் தீ விபத்து, புதுப்பித்து மறுபடி திறந்தபோது 2,700க்கு மேல் இருக்கைகள் என்று மும்பைத் தமிழர்களின் இசை வாழ்வில் பெரிய இடம் அதற்கு உண்டு. கச்சேரியைப் பதிவு செய்யும் பழக்கம் புதிதல்ல. ஸ்பூல் டேப் காலத்திலேயே ரசிகர்கள் அதைத் தொடங்கிவிட்டார்கள். கர்நாடக இசையின் எத்தனையோ அரிய கச்சேரிகள் இன்று நம் காதுக்குக் கிடைப்பது, பெயர் தெரியாத ஒரு ரசிகர் அன்று அவற்றைப் பிடித்து வைத்ததால்தான்.

கேசட் நாளில் அட்டையின் உள்பக்கத்தில் பாடகர் பெயர், பக்கவாத்தியம், இடம், தேதி எல்லாவற்றையும் ரசிகர் தன் கையால் எழுதுவார். எழுத விருப்பமில்லாததை விட்டுவிடுவார். இப்போது அந்த அட்டையைக் கருவியே எழுதிவிடுகிறது. எழுதியதை நமக்குக் காட்டுவதில்லை. நாம் கேட்காததையும் சேர்த்து எழுதுகிறது. ஒரு டிஜிட்டல் இசைக் கோப்பில் அடையாளக் குறிகள் மூன்று வழிகளில் ஏறுகின்றன. மூன்றையும் பாடுகிறவர்களும் பதிவு செய்கிறவர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

கோப்பின் ஓரத்தில் எழுதப்படுவது

முதல் வழி மெட்டாடேட்டா. ஒலியைத் தொடாமல், கோப்பின் ஒரு மூலையில் எழுத்தாகவே இருக்கும் குறிப்புகள் இவை. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒரு பதிவைத் திறந்தால் வரிவரியாகப் படித்துவிடலாம்: பதிவான தேதி, நேரம், எந்தச் செயலி, பல சமயம் எந்த மாடல் கைபேசி. ஐபோனில் வாய்ஸ் மெமோஸ் செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், இடத்தின் பெயரையே பதிவுக்குத் தலைப்பாக வைத்துவிடும். வீடியோவாக எடுத்தால் இன்னும் நுணுக்கம். சயானில் எடுத்த வீடியோவில் 19.04, 72.86 என்று தொடங்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இருக்கக்கூடும். தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் அட்சரேகையின் துல்லியம் சுமார் 11 மீட்டர். தாராவியில் எந்தச் சால் குடியிருப்பு, செம்பூரில் எந்தக் கட்டடம் என்று சொல்ல அது போதும்.

ஸ்டுடியோக்களிலும் நல்ல ரகப் பதிவுக் கருவிகளிலும் புழங்கும் பிராட்காஸ்ட் வேவ் கோப்பை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997இல் வகுத்தது. பதிவு செய்தவர் அல்லது கருவியின் பெயர், தேதி, நொடி வரை நேரம் ஆகியவற்றுக்கு அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. ஆவணக் காப்பகங்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அதே கட்டம், வீட்டில் அமர்ந்து பாடிப் பதிவு செய்யும் ஒருவருக்குத் தெரியாமலே நிரம்பும்போது வேறு பொருள் கொள்கிறது.

ஒலிக்குள் புதைவது

இரண்டாவது வழிதான் வாட்டர்மார்க். ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் காந்தி முகம் தெரிவதுபோல, உரிய கணினி நிரல் கேட்டால் மட்டும் தெரியும் குறி இது. மெட்டாடேட்டாவை அழிக்கலாம், இதைப் பிரித்தெடுப்பது கடினம், ஏனென்றால் குறி பாட்டின் ஒலியோடு கலந்திருக்கிறது.

இதன் வரலாறு டிஜிட்டலுக்கு முந்தியது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் பின்னணி இசை வழங்கிய அமெரிக்க நிறுவனமான மியூசாக்கைச் சேர்ந்த எமில் ஹெம்புரூக் 1954இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பாட்டில் ஆயிரம் ஹெர்ட்ஸ் அருகே ஒரு மெல்லிய கீற்றை விட்டுவிட்டு வெட்டி எடுப்பார். வெட்டு நீளமாக இருந்தால் ஒரு பொருள், குறுகலாக இருந்தால் வேறு பொருள். மோர்ஸ் தந்தி முறைதான். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. கருவிக்கு அது எந்த நிறுவனத்தின் இசை என்று தெரியும்.

இன்றைய முறைகள் காதின் ஓர் இயல்பை நம்பி நிற்கின்றன. பலத்த ஓசை ஒன்று எழும்போது அதை ஒட்டிய சுருதிகளில் உள்ள மெல்லிய ஓசைகள் காதுக்கு எட்டுவதில்லை. மிருதங்கத்தில் கணீரென்று விழும் ஓர் அடியை எடுத்துக்கொள்ளுங்கள். அடி விழுந்து நூறு மில்லிவினாடிக்கும் மேலாகக் காது மெல்லிய ஓசைகளுக்கு மந்தமாகவே இருக்கும். அடிக்கு முந்திய சில மில்லிவினாடிகளில் ஒலித்ததும்கூட மறைந்துபோகும். குறியை ஒளிக்க இந்த இடுக்கு வசதியானது. தனி ஆவர்த்தனம் முழுவதும் இப்படிப்பட்ட இடுக்குகள்தான். பாடகர் மூச்சு வாங்கும்போது தம்புரா மட்டும் ஒலிக்கும் கணத்தில் ஒளிக்க இடம் குறைவு.

ஒரு சிக்கல் உண்டு. எம்பி3 போன்ற முறைகள் காதுக்கு எட்டாத பகுதியைத் தூக்கி எறிந்துதான் கோப்பைச் சுருக்குகின்றன. குறியும் அதோடு போய்விடக் கூடாது. அதனால் குறியை ஒரே இடத்தில் வைக்காமல் பல அலைவரிசைகளில் பொடிப்பொடியாகத் தூவுகிறார்கள். ஒவ்வொரு பொடியும் தனியாகப் பார்த்தால் வெறும் இரைச்சல். திறவுகோல் எண் வைத்திருக்கும் கணினி எல்லாவற்றையும் கூட்டினால் குறி எழுந்து நிற்கும். ஐ.ஜே. காக்ஸ் முதலானோர் 1997இல் வெளியிட்ட இந்த முறை இன்றும் துறைக்கு அடித்தளம். இன்னொரு முறையில் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவு தாமதத்தில் மிக மெல்லிய எதிரொலி சேர்ப்பார்கள். ஒரு தாமதம் 0, சற்றே மாறிய தாமதம் 1. காதுக்கு அது எதிரொலியாகவே தோன்றாது. குரலின் கனமாகத் தோன்றும்.

இந்தக் குறி காற்றில் பயணம் செய்யும் என்பதுதான் நம் பேச்சுக்கு முக்கியம். ஒலிபெருக்கியிலிருந்து கிளம்பி, அறையைக் கடந்து, உங்கள் கைபேசியின் மைக்குக்குள் நுழைந்துவிடும். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி டிஜிட்டல் திரையிடலுக்காக 2005இல் வெளியிட்ட டிசிஐ தரக்குறிப்பு, படத்தின் ஒவ்வொரு ஐந்து நிமிடத்திலும் 35 பிட் குறி இருக்க வேண்டும் என்கிறது. அதில் 16 பிட் நேரத்துக்கு. கால் மணிக்கு ஒரு முத்திரை என்று ஆண்டு முழுவதற்கும் போதும். மீதி 19 பிட் திரையரங்கை அல்லது கருவியைக் காட்டும். ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட இடங்களைத் தனித்தனியாகக் குறிக்கலாம். தியேட்டர் பிரிண்ட் எந்த ஊர், எந்தக் காட்சி என்று கண்டுபிடிப்பது இப்படித்தான்.

நம் வீட்டுத் தொலைக்காட்சியும் விலக்கல்ல. பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் பார்க் இந்தியா அமைப்பு 2015 முதல், சேனல்களின் ஒலியில் வாட்டர்மார்க் வைக்கும் முறையைப் பின்பற்றுகிறது. அளவீட்டுக்கு இசைந்த வீடுகளில் உள்ள மீட்டர் அதைக் கேட்டு எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். மாட்டுங்காவில் ஒரு பெண் வீணை சாதகம் செய்து பதிவெடுக்கும்போது பக்கத்து அறையில் டிவி சத்தமாக ஓடினால், அந்தப் பதிவிலும் சேனலின் குறி ஏறக்கூடும். அவர் யார் என்று அந்தக் குறி சொல்லாது. ஆனால் அவர் டிவி ஓடிய வீட்டில், இன்ன நேரத்தில் இருந்தார் என்று சொல்லிவிடும்.

யாரும் வைக்காத தடம்

மூன்றாவது வழியில் குறி வைப்பவர் எவரும் இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்கிறோம். உண்மையில் அது நொடிக்கு நொடி ஒரு துளி ஏறி இறங்குகிறது. மின்விசிறி, டியூப்லைட், ஆம்ப்ளிஃபயர் ஆகியவற்றின் ரீங்காரம் பதிவில் விழுந்தால் அந்த ஏற்ற இறக்கமும் விழும். மின்தொகுப்பின் அலைவெண் பதிவேட்டோடு ஒப்பிட்டால் பதிவான நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். ருமேனியாவின் காட்டலின் கிரிகோராஸ் இதைத் தடய அறிவியலாக வளர்த்தார். இந்தியாவில் 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு மற்றவற்றோடு இணைந்து நாடு முழுவதும் ஒரே அலைவெண் ஆனது. ஆகவே சயானில் ஓடும் விசிறியும் மதுரையில் ஓடும் விசிறியும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. இந்த ரீங்காரம் நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். ஊரைச் சொல்வது கடினம்.

ஏன் கவலைப்பட வேண்டும்

சொந்தப் பதிவின்மேல் கருவி குறி வைத்த வரலாறு நீண்டது. 1980களின் இறுதியில் டாட் என்ற டிஜிட்டல் டேப் வந்தபோது, நகலின் நகலைத் தடுக்க ஒரு முறை புகுத்தினார்கள். 1992இல் அமெரிக்கச் சட்டம் அதை வீட்டுப் பதிவுக் கருவிகளுக்குக் கட்டாயமாக்கியது. தானே இயற்றித் தானே பாடிய பாட்டைக்கூட, வீட்டுக் கருவியில் ஒரு தலைமுறைக்கு மேல் டிஜிட்டலாக நகலெடுக்க முடியாமல் இசைக்கலைஞர்கள் தவித்தார்கள். அடுத்து வந்த சிடி ரெக்கார்டர்கள் தயாரிப்பாளர், மாடல், அந்தக் கருவிக்கே உரிய எண் ஆகியவற்றைத் தாம் எழுதும் வட்டில் பொறித்தன. 2007இல் ஐடியூன்ஸ் பூட்டில்லாத பாடல்களை விற்கத் தொடங்கியபோது, வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சலும் கோப்புக்குள் இருப்பது தெரியவந்தது.

தாராவியின் ராப் பாடகர்களை நினைத்துப் பாருங்கள். டோபடெலிக்ஸ் குழுவினர் 2018இல் ‘காலா’ படத்தில் பாடி ஊரறியப் பெயர் பெற்றார்கள். அவர்களுக்குப் பின்னால் சிறு அறைகளில் கைபேசியை வைத்துப் பாடும் இளைஞர்கள் எத்தனையோ பேர். வீடு இடிபடுவதைப் பற்றி, காவல்துறையைப் பற்றிப் புனைபெயரில் பாடும் ஒருவருக்குத் தன் பாட்டே தன் வீட்டைக் காட்டிக்கொடுத்தால் என்ன ஆகும்? குருவிடம் கற்ற கீர்த்தனையைத் தோழிகளுக்கு அனுப்பும் மாணவியின் கோப்பில் அவர் வீட்டு இருப்பிடம் இருந்தால், அது பத்துப் பேர் கைமாறிய பிறகு யாரிடம் போய்ச் சேரும்?

இதைவிட மோசமானது தவறான பழி. குறி கருவியைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. கைபேசி செகண்ட் ஹேண்டில் கைமாறியிருக்கலாம். கோப்பை நண்பர் வாங்கி வேறு யாருக்கோ அனுப்பியிருக்கலாம். குறிகள் உடையவும் செய்யும். 2000ஆம் ஆண்டு இசைத்துறையின் எஸ்டிஎம்ஐ கூட்டமைப்பு தன் வாட்டர்மார்க்குகளை உடைத்துப் பாருங்கள் என்று சவால் விட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டன் குழு சவாலில் வைத்த நான்கையும் முறியடித்ததாக அறிவித்தது. வழக்கு மிரட்டலால் 2001 ஏப்ரலில் அது பற்றிய கட்டுரையைத் திரும்பப் பெற்ற அவர்கள், அதே ஆகஸ்டில் அதை வெளியிட்டார்கள். உடைக்கக்கூடிய குறியை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்பது நியாயமாகாது.

நம் சட்டம் கிழித்த கோடு

பதிவு செய்வதே தப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, தன் சொந்தப் பயனுக்காக அல்லது உண்மையான கற்பித்தல், ஆய்வுக்காக மட்டும் ஒலிப்பதிவு செய்வது கலைஞரின் உரிமையை மீறுவதாகாது. அரங்கம் தன் விதியாகப் பதிவைத் தடுக்கலாம். அதை மதிக்க வேண்டும். பதிவைப் பரப்புவது வேறு விஷயம். அதற்குக் கலைஞரின் அனுமதி வேண்டும்.

2012 திருத்தம் இன்னொரு நல்ல காரியம் செய்தது. படைப்பின் பெயர், படைத்தவர், பாடியவர், உரிமையாளர் ஆகிய தகவல்களைத் தெரிந்தே, அதிகாரமின்றி நீக்கினால் இரண்டாண்டு வரை சிறை என்றது. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெறும் தகவல் எது என்று வரையறுத்தபோது, பயனரை அடையாளம் காணும் நோக்கமுள்ள எந்தக் கருவியும் முறையும் அதில் அடங்காது என்று வெளிப்படையாக எழுதிவைத்தது. பாட்டை அடையாளம் காட்டும் குறி ஒரு பக்கம், ஆளை அடையாளம் காட்டும் குறி மறுபக்கம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்த நாட்டுக்கு இது பொருத்தமான கோடு.

செயற்கை நுண்ணறிவு இசைக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கூகுள் 2023 முதல் தன் கருவி உருவாக்கும் இசையில் சிந்த்ஐடி என்ற காதுக்கு எட்டாத குறியை வைக்கிறது. ‘இது இயந்திரம் செய்தது’ என்று குறி சொன்னால் கேட்பவருக்கு நன்மை. யார் செய்யச் சொன்னார் என்றும் அதே குறி சொல்லத் தொடங்கினால் கோடு தாண்டியதாகும்.

கையில் உள்ளதைச் செய்யலாம். பதிவுச் செயலிக்கும் கேமராவுக்கும் இருப்பிட அனுமதியை நிறுத்துங்கள். கோப்பை அனுப்பும் முன் மீடியாஇன்ஃபோவில் ஒருமுறை திறந்து பாருங்கள். ஆடாசிட்டியில் திறந்து ஏற்றுமதி செய்யும்போது குறிப்புகளைத் திருத்த வழி உண்டு. வேண்டாததை அழித்து, பாடியவர், ராகம், இயற்றியவர், இடம், நாள் ஆகியவற்றை நீங்களே நிரப்புங்கள். வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பினால் கோப்பு உள்ளது உள்ளபடியே போகும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒலிக்குள் புதைத்த குறியை நம்மால் பார்க்க முடியாது. அங்கே கடமை அதை வைப்பவர்களுடையது. பதிவுச் செயலிகள் தாம் எழுதும் ஒவ்வொரு குறிப்பையும் ஒரே திரையில் காட்டி, நம் சம்மதம் கேட்ட பிறகே எழுத வேண்டும். ஒலிபெருக்கி வழியே குறி அனுப்பும் அரங்கம் அதை டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும். பாடியவர் பெயர் பாட்டோடு என்றைக்கும் இருக்கட்டும். பதிவு செய்தவர் பெயர், அவராக எழுதினால் மட்டும் இருக்கட்டும்.