‘மூலத்துக்கு ஒரு ஆயின்மென்ட்!’

மருந்துக்கடையில் கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்று, கடைக்காரர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டு வாங்கும் மருந்துகள் சில உண்டு. மூல ஆயின்மென்ட் அதில் முதல் வரிசை. கடைக்காரரும் பேச்சை வளர்க்காமல் ஒரு ட்யூபை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். வலி எப்போது வருகிறது, ரத்தம் போகிறதா, எத்தனை நாளாக, இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா என்ற கேள்விகள் எதுவும் அங்கே எழுவதில்லை. வாங்குகிறவருக்கும் அவை எழாதது நிம்மதிதான். ஆனால் அந்தச் சின்ன ட்யூபுக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அந்தக் கேள்விகளின் பதிலைப் பொறுத்தது.

ஆசனவாயில் எந்தத் தொல்லை வந்தாலும் அதை மூலம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வலித்தால் மூலம், அரித்தால் மூலம், ரத்தம் பட்டால் மூலம். உண்மையில் அதிகம் பேரை வாட்டுபவை இரண்டு. ஒன்று மூலம். மற்றது ஆசனவாய் வெடிப்பு. இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் மலச்சிக்கலும் முக்கலும்தான் என்றாலும், உள்ளே நடப்பது வேறு, வேண்டிய மருந்தும் வேறு.

ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு எல்லோருடைய ஆசனவாயிலும் உண்டு. வாயு, மலம் தானாகக் கசியாமல் மூடிவைக்க அது உதவுகிறது. வருடக்கணக்கில் முக்கி முக்கி அந்தத் திசு வீங்கி, பிடிப்பு தளர்ந்து சரியும்போது அது மூல நோய் ஆகிறது. உள்மூலம் இருக்கும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதனால் வலியே இல்லாமல் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், சில சமயம் பீய்ச்சும். வெடிப்பு இதற்கு நேர் எதிர். கெட்டியான மலம் கிழித்துவிட்ட, பெரும்பாலும் முதுகுப் பக்கமாக விழும், சின்னக் கீறல் அது. ஆனால் விழுந்த இடம் நரம்புகள் நிறைந்த தோல். மலம் கழிக்கும்போது உயிர் போகிற வலி, அதன்பின் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிச்சல். ரத்தம் மலத்தின் மேல் ஒரு கோடாகவோ, கழுவும்போது சில துளிகளாகவோ தெரியும்.

ஆக, வலிதான் பெரிதாக இருக்கிறது என்றால் அது வெடிப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இதில் பலரையும் ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. வெடிப்பு பழையதாகிவிட்டால் அதன் வெளிமுனையில் ஒரு சிறு தோல் வளரும். கழுவும்போது அது விரலில் தட்டுப்பட, மூலம் வெளியே வந்துவிட்டது என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் மூல ஆயின்மென்ட் பூசுகிறார்கள். புண் அப்படியே இருக்கிறது. திடீரென்று நீலம் பாரித்த கட்டி ஒன்று விளிம்பில் முளைத்து உட்காரவிடாமல் வலித்தால் அது வேறு: வெளிமூலத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது. முதல் மூன்று நாட்களுக்குள் டாக்டரிடம் போனால் சின்னக் கீறலில் அதை எடுத்து வலியைக் குறைக்க முடியும். தாமதித்தால் சில வாரங்களில் அது தானே வற்றும்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

விளம்பரம் முன்பக்கத்தில் இருக்கிறது, மருந்து பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. மூல ஆயின்மென்ட் என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஒரு கூட்டணி இருக்கும். லிக்னோகெய்ன் (லிடோகெய்ன் என்றும் அச்சிடுவார்கள்) மரத்துப்போகச் செய்யும் மருந்து, பல் பிடுங்கும்போது ஊசியில் போடுகிற அதே வகை. ஜிங்க் ஆக்ஸைடு தோலுக்கு மேல் ஒரு காப்பு. ஹைட்ரோகார்ட்டிசோன், பெக்ளோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும். ஃபினைல்எஃப்ரின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். ரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு கோளாறு உள்ளவர்கள் இந்தப் பெயரைப் பார்த்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டே பூச வேண்டும்.

இவற்றில் எதுவும் மூலத்தைக் கரைக்காது. சரிந்துபோன திசுவை எந்தக் களிம்பாலும் பழைய இடத்துக்குத் தூக்கி வைக்க முடியாது. எரிச்சல், அரிப்பு, வலி குறையும். வீக்கம் கொஞ்சம் அடங்கும். அதற்குள் மலத்தை இளக்கி, முக்குவதை நிறுத்தினால் உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ளும். களிம்பிடம் இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம், இதுவே பெரிய உதவிதான்.

நான் அதிகம் கவலைப்படுவது ஸ்டீராய்டைப் பற்றி. பூசிய ஓரிரு நாளில் அரிப்பு நின்றுவிடும். விட்டதும் திரும்ப வரும். திரும்பப் பூசுவார்கள். அங்கேயுள்ள தோல் ஏற்கெனவே மெல்லியது, எப்போதும் ஈரமும் மடிப்புமாக மூடிக் கிடப்பது. அதனால் மருந்து அதிகம் உள்ளே இறங்கும். வாரக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் போல மெலிந்து, லேசாகத் துடைத்தாலே கிழியும். அரிப்புக்குக் காரணம் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றாக இருந்துவிட்டால் ஸ்டீராய்டு அதற்குத் தீனி போட்டு வளர்க்கும். ஒரு வாரத்துக்கு மேல் டாக்டர் சொல்லாமல் இதைப் பூசக் கூடாது. ஒரு வாரத்தில் அடங்கவில்லை என்றால் அடுத்த ட்யூபுக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததைத் தம்பி பூசுவதும், அலமாரியில் கிடக்கும் ‘அரிப்பு க்ரீமை’ இங்கே தடவுவதும் வேண்டவே வேண்டாம். அந்த அலமாரி க்ரீம்களில் பல, ஹைட்ரோகார்ட்டிசோனைவிடப் பல மடங்கு வீரியமுள்ள ஸ்டீராய்டுகள்.

வெடிப்பின் கதை வேறு

வெடிப்பு ஏன் ஆறுவதில்லை? வலியால் ஆசனவாயின் உள்தசை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இறுகிய தசை அந்த இடத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. ரத்தம் போகாத புண் ஆறுவதில்லை. ஆறாத புண் வலிக்கிறது, தசை இன்னும் இறுகுகிறது. வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால் அது கெட்டியாகி மறுபடியும் கிழிக்கிறது. இந்தச் சுழலில் மரத்துப்போகச் செய்யும் மருந்து அந்த வேளை வலியைத்தான் தணிக்கும். தசையைத் தளர்த்தினால்தான் புண் ஆற வழி கிடைக்கும்.

நீண்ட காலம் அதற்கு இருந்த வழி, தசையில் ஒரு பகுதியை வெட்டிவிடுவது. நல்ல பலன் தரும் அறுவை சிகிச்சைதான். ஆனால் சிலருக்கு வாயுவையோ மலத்தையோ அடக்கும் சக்தி குறையும் அபாயம் அதில் உண்டு. 1990-களில் பிரிட்டன் மருத்துவர்கள் வேறொரு வழியைச் சோதித்தார்கள்: கிளிசரைல் ட்ரைநைட்ரேட். இதுதான் டைனமைட் செய்யப் பயன்படும் நைட்ரோகிளிசரின். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து நெஞ்சுவலிக்கு மருந்து. டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரெட் நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு அதை எழுதிக் கொடுத்தார்கள். ரத்தக்குழாயைத் தளர்த்தும் அந்த மருந்து, களிம்பாகப் பூசும்போது ஆசனவாய்த் தசையையும் தளர்த்துகிறது. 1997-இல் லான்செட் இதழில் வெளியான லண்ட், ஸ்கோல்ஃபீல்டு என்ற மருத்துவர்களின் ஆய்வில், 8 வாரத்தில் களிம்பு பூசியவர்களில் 68 சதவீதத்தினருக்குப் புண் ஆறியது. மருந்தில்லாக் களிம்பு பூசியவர்களில் 8 சதவீதம்தான். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இந்த அளவுக்கு இல்லை. ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆறியது. கத்தி இல்லாமல் பாதிப் பேருக்கு ஆறுகிறது என்பதே சாதாரண விஷயம் இல்லை.

இதன் தொல்லை தலைவலி. மருந்து ரத்தத்தில் கலந்து தலையின் ரத்தக்குழாய்களையும் விரிப்பதால் பலருக்கும் வரும், சிலர் அதனாலேயே நிறுத்திவிடுவார்கள். பூசியதும் சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். உட்கார்ந்தோ படுத்தோ பூசி, சற்று நேரம் கழித்து எழுவது நல்லது. ஒரு எச்சரிக்கையை மட்டும் உரக்கச் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மாத்திரைகளை எடுப்பவர் இந்தக் களிம்பைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். அந்த மாத்திரையையும் ரகசியமாக வாங்குவார்கள், இந்த ஆயின்மென்ட்டையும் ரகசியமாக வாங்குவார்கள். இரண்டு ரகசியமும் ஒரே உடம்பில் சந்திப்பதுதான் ஆபத்து. நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர்களும் டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த நாக்கடி மாத்திரையும் இந்தக் களிம்பும் ஒரே குடும்பத்து மருந்து.

இப்போது இங்கே டாக்டர்கள் அதிகம் எழுதுவது டில்டியாசெம் 2 சதவீத ஜெல், அல்லது நிஃபெடிபின் கலந்த க்ரீம். தசையைத் தளர்த்தும் வேலையைச் செய்யும், தலைவலி குறைவு. எதைப் பூசினாலும் பலரும் செய்யும் தவறு ஒன்றுதான். முதல் இரண்டு வாரத்தில் வலி போய்விடும், உடனே நிறுத்திவிடுவார்கள். புண் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். டாக்டர் சொன்ன நாள்வரை பூசுங்கள்.

பூசும் முறையில் இருக்கிறது பாதி

மலம் கழித்தபின் வெறும் தண்ணீரில் கழுவுங்கள். சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். அகலமான பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி 10 அல்லது 15 நிமிடம் இடுப்பு நனைய உட்காருங்கள். தசை இளகும், வலி அப்போதே பாதி குறையும். மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நகம் வெட்டிய விரலில், முடிந்தால் கையுறை மாட்டி, பட்டாணி அளவு மருந்து எடுத்து விளிம்பிலும் சற்றே உள்ளேயும் தடவினால் போதும். நிறையப் பூசினால் சீக்கிரம் ஆறும் என்பது இல்லை, நிறைய மருந்து ரத்தத்தில் கலக்கும். தசையைத் தளர்த்தும் களிம்பைப் பூசும்போது கையுறை கட்டாயம். இல்லாவிட்டால் விரல் வழியே ஏறியும் தலைவலி வரும். ட்யூபோடு வரும் பிளாஸ்டிக் குழல் உள்மூலத்துக்கானது. வெடிப்பு உள்ளவர் அதைச் செருகினால் புண்ணை மறுபடியும் கிழித்துக்கொள்வார்.

வெடிப்பு வலி தாங்க முடியாமல் மலத்தை அடக்குகிறவர்கள், மலம் கழிக்கப் போகுமுன் லிக்னோகெய்ன் களிம்பைக் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம். இதுவும் சில நாட்களுக்குத்தான். பூசப் பூச அரிப்பும் சிவப்பும் கூடினால் அந்த மருந்தே ஒவ்வாமல் இருக்கலாம், நிறுத்திவிடுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், குழந்தைகள் விஷயத்தில் கடைக்காரர் யோசனை போதாது.

களிம்பு எதுவானாலும் மலம் இளகாவிட்டால் வீண். நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். ஒரு கொய்யாவும் ஒரு கிண்ணம் சுண்டலும் சேர்ந்தால் ஏறக்குறைய 10 கிராம் வந்துவிடும். கீரை, அவரை, வாழைத்தண்டு, கம்பு என்று மீதியை நிரப்புவது நம் சமையலுக்குக் கஷ்டமே இல்லை. போதாவிட்டால் இசப்கோல், அதோடு தாராளமாகத் தண்ணீர். உடம்புச் சூட்டால் வந்தது என்று குளிர்ச்சியான பானம் குடித்துக் காத்திருப்பதில் பலன் இல்லை. செல்போனோடு கழிவறையில் உட்காருவதை விடுங்கள். துத்தி இலை, மஞ்சள் என்று எதையும் அரைத்துத் திறந்த புண்ணில் அப்பாதீர்கள். ஆனால் கருணைக்கிழங்கு மசியலை உணவாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பவுத்திரம், கத்தியின்றி ரத்தமின்றி’ என்று ஒட்டியிருப்பதை நம்பிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர் தெரியாத திரவத்தை ஊசியில் போட்டும் தடவியும் திசுவைப் பொசுக்கிவிடுவார்கள். ஆறும்போது ஆசனவாயே தழும்பாகிச் சுருங்கி, மலம் வெளியேற வழியில்லாமல் அறுவை சிகிச்சைக்கு வந்து நிற்பவர்களை அரசு மருத்துவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். முறையான மருத்துவர் உள்மூலத்துக்கு ரப்பர் வளையம் மாட்டினால் பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பழைய வெடிப்புக்கும் சிறிய அறுவை சிகிச்சை உண்டு.

இந்த அறிகுறிகள் இருந்தால் ஆயின்மென்ட்டை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்: 40 வயதைத் தாண்டியபின் முதல்முறையாக ரத்தம், கறுத்த மலம், மலம் போகும் வழக்கம் மாறியது, எடை இறங்கியது, காரணம் தெரியாத ரத்தசோகை, குடும்பத்தில் குடல் புற்றுநோய், காய்ச்சலோடு வலிக்கும் வீக்கம், உள்ளே தள்ள முடியாமல் வெளியே நிற்கும் சதை. மலக்குடல் புற்றுநோயும் பல நேரம் முதலில் ரத்தமாகத்தான் தலைகாட்டும். மூலம்தான் என்று ஆயின்மென்ட் பூசிக்கொண்டே இருந்ததில் கைவிட்டுப்போன மாதங்களை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. வயது குறைவு என்பதற்காக ரத்தத்தை அலட்சியம் செய்யவும் கூடாது. நம் நாட்டில் இளம் வயதினருக்கும் இந்தப் புற்றுநோய் வருகிறது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அதைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் சர்ஜரி ஓ.பி.யில் இதைக் காட்டலாம். பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். பரிசோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். எத்தனை நாளாக, ரத்தம் என்ன நிறம், வலி எப்போது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். இதுவரை பூசிய ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள்.